பாலில் கலந்த பொடி

என் மனைவி காப்ஸ்யூலை அப்படியே விழுங்க மாட்டாள். கூட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் மருந்தை ஒரு ஸ்பூன் தேனில் கொட்டி, குழைத்து, கசப்பில் முகத்தைச் சுளித்தபடி சாப்பிடுவாள். காலிக் கூட்டைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுவாள். இந்தப் பழக்கத்தை அவளுக்கு உண்டாக்கியவன் நான்தான். கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு முறை காய்ச்சல் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த காப்ஸ்யூலைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கூடு எதுல பண்றா?" என்று சும்மா கேட்டாள். நான் பி.யு.சி. கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவன். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "ஜெலட்டின். மாட்டெலும்பு, தோல் எல்லாம் வேகவெச்சு எடுக்கறது" என்றேன். அவள் அதைக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் கையை அலம்பப் போனாள்.

அதற்குப் பிறகு கடையில் வாங்கும் எதுவாக இருந்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். பிஸ்கட், பற்பசை, ஐஸ்கிரீம் டப்பா, ஜெல்லி மிட்டாய். "இது நமக்கு ஆகுமா, பாருங்கோ." நான் பொடி எழுத்தைப் படித்து, ஆகும் அல்லது ஆகாது என்பேன். அதற்குமேல் ஒரு கேள்வி வராது. எங்களைப் போல மைசூரில் தலைமுறைகளாக இருக்கும் வைணவக் குடும்பங்களில் எத்தனையோ பேர் வெளியில் கேக்கும் பஃப்பும் தின்னப் பழகிவிட்டிருந்தார்கள். நானே கல்லூரி கேன்டீனில் முட்டை போட்ட கேக் தின்றிருக்கிறேன். அவளுக்கும் அது தெரியும். ஒரு நாளும் என்னைக் கண்டித்ததில்லை. "உங்க வாய் உங்களோடது" என்பாள். தன் வாய் தன்னுடையது என்பதும் அதற்குள் அடக்கம். அது எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அக்ரஹாரத்தில் ஒரு சந்தில் கீழ்வீடு, வாடகைக்கு. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தசரா முடிந்து சில நாட்களில், என்னோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பினோம். அவள் பட்டுப்புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வர நேரமாகிவிட்டது. நான் வாசலில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணி, வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை முறுக்கி இரைச்சல் எழுப்பிக்கொண்டிருந்தேன். லேசாகத் தூறல் போட்டு நின்றிருந்தது. அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள்.

"மெதுவா போங்கோ, ரோடு ஈரமா இருக்கு."

"மெதுவா போறதுக்கு நேரம் எங்க இருக்கு? எல்லாம் உன்னாலதான்."

இதுதான் நாங்கள் பேசியது. சந்து திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினேன். சக்கரம் வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஸ்கூட்டர் அவளுடைய வலது கால்மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்த கோணத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "புடவையை இழுத்து விடுங்கோ, எல்லாரும் பாக்கறா" என்றாள்.

ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்து ஸ்குரு போட்டார்கள். முதல் இரண்டு மாதம் என் மாமியார் வந்து தங்கிச் சமைத்துப் போட்டார். ஒரு முறைகூட விபத்து எப்படி நடந்தது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. என் மனைவி எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லிவைத்திருந்தாள்: "ரோட்டுல மண்ணெண்ணெய் கொட்டிக் கிடந்தது, வண்டி சறுக்கிடுத்து." மண்ணெண்ணெய் எதுவும் கொட்டியிருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரே நன்றாக இல்லை. டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் செருகி, உடைந்த இடத்தில் இன்னும் கறுப்புக் கோடாகத் தெரிந்ததைப் பேனாவால் காட்டினார். எலும்பு வளர்ந்து கூடவில்லை. இன்னும் ஆறு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைத்து மறுபடியும் ஆபரேஷன் பண்ண வேண்டிவரும் என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை என்னால முடியாது" என்றாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கல்லூரி லேபில் எனக்கு உதவியாக ஒருவர் இருந்தார். மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இருபது வருஷமாக அந்த லேபின் பாட்டில்களையும் பியூரெட்டுகளையும் தன் வீட்டுப் பாத்திரம்போலப் பார்த்துக்கொண்டவர். நான் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எங்கூர்ல எலும்பு முறிஞ்சா ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடுப்பாங்க. நீங்கெல்லாம் தொட மாட்டீங்கன்னு தெரியுமுங்க. மருந்துதானுங்களே. வீட்டுல அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. சரீன்னாங்கன்னா எஞ்சம்சாரம் வெச்சுக் குடுப்பா."

"ஐயோ, அதெல்லாம் கேக்கவே முடியாது" என்றேன்.

"கேட்டா என்னங்க சார்? வேண்டாம்னா வேண்டாம்பாங்க. அவ்வளவுதானுங்களே?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அன்றைக்கு முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்காலில் இருப்பது என்ன? கொலாஜன். எலும்பில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். அந்த வலைமேல்தான் சுண்ணாம்புச்சத்து படிகிறது. வகுப்பில் வருஷாவருஷம் சொல்கிற பாடம். மனம் எதை விரும்புகிறதோ அதற்கு ஏற்ற பாடத்தைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது.

அந்த வாரமே அமெரிக்காவிலிருந்து என் தம்பி லீவில் வந்தான். அண்ணிக்குக் கால் ஒடிந்ததைக் கேள்விப்பட்டு, அங்கே ஒரு மருந்துக்கடையில் விசாரித்து, எலும்புக்கும் மூட்டுக்கும் நல்லது என்று இரண்டு பெரிய டப்பா பொடி வாங்கி வந்திருந்தான். அவனுக்கு அது என்னவென்றே தெரியாது. "டானிக் மாதிரிண்ணா, பால்ல கலந்து குடிக்கணுமாம்" என்று கொடுத்துவிட்டுப் பெங்களூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். நான் டப்பாவைத் திருப்பிப் பின்னால் இருந்த எழுத்தைப் படித்தேன். ஹைட்ரலைஸ்டு கொலாஜன். அதற்குக் கீழே, எதிலிருந்து எடுத்தது என்பதும் இருந்தது. மாடு.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். உள்ளேயிருந்து அவள் குரல் கொடுத்தாள். "உங்க தம்பி என்னமோ கொண்டு வந்தானாமே, என்ன அது?"

"புரோட்டீன் பொடி."

"நமக்கு ஆகுமா?"

"ஆகும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நேரமே எடுக்கவில்லை. கேட்டதும் பதில் வந்துவிட்டது, வகுப்பில் ஃபார்முலா சொல்வதுபோல.

அன்று சாயங்காலம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது பொடியை முழுக்க இரண்டு பழைய மால்ட் பாட்டில்களில் மாற்றினேன். டப்பாவில் ஒட்டியிருந்த லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, சின்னச் சின்னதாகக் கிழித்து, கல்லூரிக்குப் போகிற வழியில் போட்டேன். தெரியாமல் செய்த தவறென்று நான் சொல்லிக்கொள்ளவே முடியாது. தெரியாமல் செய்கிறவன் லேபிளை ஊறவைக்க மாட்டான்.

மாமியார் ஊருக்குப் போய்விட்டதால் காலை வேலையெல்லாம் என்னுடையது. குளித்து, பால் காய்ச்சி, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டு, பிறகு அந்தப் பாலை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வருவேன். அங்கேதான் பொடியைக் கலப்பேன். இரண்டு ஸ்பூன். லேசான ஒரு வாடை உண்டு. அதற்காக ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுவேன். பெருமாளுக்கு வைக்கும் முன் ஒரு நாளும் கலந்ததில்லை. அதில் ஒரு ஒழுங்கு இருப்பதாக எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். சுவாமிக்குச் சுத்தமான பால், அவளுக்கு இது.

மனத்துக்குள் வாதங்கள் நிறைய வைத்திருந்தேன். அமினோ அமிலத்துக்கு ஜாதி ஏது, மாடு ஏது, பருப்பு ஏது? வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்று. அவள் கால் கூடாமல் போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். வண்டியை ஓட்டியவன் நான். அதை நேராக்கவும் நான்தான் வேண்டும். இந்தக் கடைசி வாதம்தான் மற்றவற்றைவிட உண்மையானது. அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சந்து முனையில் நான் செய்ததை அழிக்கத்தான் தினமும் அந்தப் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் அதைக் குடிக்கும்போது என்னைப் பார்க்கும் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் அவளுக்கு ஒரு வாய் காபி கலந்து கொடுத்ததில்லை. இப்போது தினமும் காலையில் சுடச்சுடப் பால் வருகிறது. ரயில்வே ஆபீஸிலிருந்து அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் பார்க்க வந்தால், கட்டிலில் சாய்ந்துகொண்டு பெருமையாகச் சொல்வாள்.

"கார்த்தால எழுந்து இவரே பால் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, பொடி கலந்து கொண்டுவந்து குடுத்துட்டுத்தான் காலேஜுக்குப் போறார். ஒரு நாள் தவறலை."

"நிஜவாகலூ? எங்க வீட்டுல ஒரு லோட்டா தண்ணிகூட வராது கணே" என்று அந்தப் பெண்கள் பாதிக் கன்னடத்தில் வியந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவேன்.

ஒரு ஏகாதசி வந்தது. கால் ஒடிந்து கிடந்தபோதும் அவள் உபவாசத்தை விடவில்லை. பால் மட்டும்தான். அன்றைக்காவது விட்டுவிடலாம் என்று வெறும் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னிக்குப் பொடி போடலையா?"

"ஏகாதசியாச்சே."

"மருந்துதானே, பரவால்லை. ஒரு நாள் விட்டா நீங்க இத்தனை நாள் பண்ணினது வீணாப் போயிடும். போட்டுக் கொண்டாங்கோ."

தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுக் கொண்டுவந்தேன். அவள் சொல்லித்தானே போட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றும் கூசுகிறேன்.

மார்ச் முதல் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. உடைந்த இடத்தைச் சுற்றி வெண்மையாக, புடைத்து, மரத்தில் கிளை வெட்டிய இடம்போலத் தெரிந்தது. டாக்டருக்கே சந்தோஷம். ஆபரேஷன் வேண்டாம், கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கலாம் என்றார். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போய் அவரிடம் பொடியைப் பற்றிக் கேட்டேன். அவர் சொல்ல வேண்டும், இதனால்தான் கூடியது என்று. அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கன்னடக்காரரான அவர் சிரித்தார். "அதெல்லா ஏனூ இல்லா சார், ஒண்ணுமில்லை. அதுவும் ஒரு புரோட்டீன். வயித்துக்குள்ள போனா உடைஞ்சு போகும். உங்க துவரம்பருப்பு சாம்பார்ல இல்லாதது அதுல என்ன இருக்கு? சிலருக்கு எலும்பு மெதுவாத்தான் கூடும். ஸ்வல்ப டைம் வேணும், அவ்வளவுதான். அவங்க காலை ஊனாம, சொன்ன பேச்சைக் கேட்டு இருந்தாங்களே, அதுக்கு மார்க் குடுங்க."

"அப்போ இதனால ஒண்ணுமே இல்லையா?"

"இல்லேன்னும் சொல்ல மாட்டேன், இருக்குன்னும் சொல்ல மாட்டேன். யாருக்குத் தெரியும்?"

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் தடியை ஊன்றி எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, "எல்லாம் உங்க பாலோட மகிமை" என்றாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். கால் சரியாகிவிட்டது, இனி கோபித்துக்கொண்டால்கூட நஷ்டமில்லை. நான் ஆட்டோ கூப்பிடப் போனேன்.

பொடி மீதம் இருந்தது. நிறுத்துவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அதற்கு இன்னொரு பொய் வேண்டும். அதனால் தொடர்ந்து கலந்தேன். பொடி தீர்ந்தால் விஷயமும் தீர்ந்துவிடும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

யுகாதி முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். எதிர்வீட்டில் தனியாக இருந்த மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுக் கட்டுப் போட்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு வெளியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காதவர். எங்கள் வீட்டில் மட்டும் என் மனைவி கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

பரீட்சை வேலையாக இரண்டு நாள் பெங்களூர் போயிருந்த நான், அன்று மாலை திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போதே அலமாரியைப் பார்த்துவிட்டேன். பாட்டில் இல்லை.

"அந்தப் பொடி பாட்டில் எங்க?"

"எதிராத்து மாமிக்குக் குடுத்துட்டேன். முந்தாநாள் நானே நடந்து போய்க் குடுத்துட்டு வந்தேன்" என்றாள். தடியோடு தெருவைக் கடந்து போனதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். "எனக்கு இனிமே எதுக்கு? பாவம், அவருக்கு யார் இருக்கா? பால்ல ரெண்டு ஸ்பூன் போட்டுக்குங்கோன்னு சொல்லியிருக்கேன்."

நான் பனியனோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். மாமி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டில் சுவாமி உள்ளுக்குப் பக்கத்தில், மடியாகத் தனியே ஒரு பலகைமேல் இருந்தது.

"மாமி, அந்தப் பொடி வேண்டாம். கெட்டுப் போயிடுத்து. தேதி முடிஞ்சு போச்சு."

"அப்படியா? நான் ரெண்டு நாள் குடிச்சேனே. ஒண்ணும் பண்ணலையே. நன்னா வாசனையாத்தானே இருந்தது?"

பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். என் மனைவி தடியை ஊன்றியபடி எங்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்து குறுகல், எதிர்வீட்டில் பேசுவது காதில் விழும். நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"முந்தாநாள் வரைக்கும் நான் குடிச்ச பொடி இன்னிக்கு எப்படிக் கெட்டுப் போச்சு?"

நான் பாட்டிலை அலமாரியில் வைக்கப் போனேன்.

"என்னமோ இருக்கு. சொல்லுங்கோ."

சொன்னேன். சுற்றிவளைக்கத்தான் ஆரம்பித்தேன். கொலாஜன், எலும்பு, டாக்டர் இன்னொரு ஆபரேஷன் என்று சொன்னது, நீ ஆட்டோவில் அழுதது என்று எதையெதையோ சொன்னேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"எதுலேர்ந்து எடுக்கறது?"

"மாடு."

அவள் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்தாள். காலை நீட்டி வைத்துக்கொண்டாள். உதவிக்குப் போன என் கையைத் தொடவில்லை.

"எத்தனை நாள்?"

"எண்பது நாள் இருக்கும்."

"பசும்பால்லயா கலந்தேள்?"

இதற்கு நான் எந்த வாதமும் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. நீட்டிய காலைப் புடவையால் இழுத்து மூடினாள். பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள்: "எதுவா இருந்தாலும் நான் உங்களைத்தானே கேப்பேன். வேற யாரைக் கேட்டேன்?"

"உன் கால் சரியாகணும்னுதான்..."

"கால் என்னோடதுதானே?"

எதிர்வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, "எனக்குப் பண்ணினது இருக்கட்டும். மாமிகிட்ட நீங்க போய்ச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அந்த மூன்று நாளும் அவள் என்னோடு பேசாமல் இல்லை. சாதம் ஆச்சு, பால்காரர் வந்தார், தபால் வந்திருக்கு என்று தேவையானதைப் பேசினாள். தடியோடு நின்று தானே தளிகை பண்ணினாள். காலையில் நான் பால் காய்ச்ச எழுந்தபோது அவள் முன்னாலேயே எழுந்து தனக்கு வேண்டியதைக் கலந்து குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். எதைப் பற்றியும் கேள்வி கேட்கவில்லை. நான்காம் நாள் காலை குளித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

சொல்லி முடிக்கும்வரை மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையின் விரல் நுனிகளை மற்றக் கையால் நீவிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"ஏம்ப்பா இதை எங்கிட்ட சொன்னே?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். "சொல்ல வேண்டியது முறைன்னு..."

"யாருக்கு முறை? தெரியாம குடிச்சேன். அது பெருமாளுக்குத் தெரியும், அவர் பாத்துப்பார்னு போயிருக்கும். இப்போ தெரிஞ்சு போச்சு. இனிமே அது என்னோடது. இந்த வயசுல நான் இதை எங்க கொண்டுபோய்ப் போடுவேன்? உன் மனசுல இருந்த பாரத்தை இறக்கி என் தலையில வெச்சுட்டுப் போறே."

நமஸ்காரம் பண்ணிவிட்டு வந்தேன். அவர் தீர்க்காயுசா இரு என்று சொல்லவில்லை. அன்று முதல் பத்து நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, வாத்தியாரை வரவழைத்துப் பஞ்சகவ்யம் சாப்பிட்டு, முடிந்த விதத்தில் பரிகாரம் செய்துகொண்டார் என்று தெரியும். ஒடிந்த கையோடு, பட்டினியாக. அதன் பிறகும் என் மனைவி கொடுத்தால் வாங்கிக்கொண்டார். ஆனால் கொடுக்கும்போது நான் அங்கே நின்றால் பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டு வருஷம் கழித்து வீட்டைக் காலி பண்ணி மகளோடு சென்னைக்குப் போனபோது, சந்தில் எல்லா வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு நான் கல்லூரியில் இருந்த நேரத்தில் வந்து போயிருந்தார்.

என் மனைவியும் ஏதாவது பரிகாரம் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செய்யவில்லை. ஒரு நாள் நானே கேட்டேன், வேண்டுமானால் மேல்கோட்டைக் கோவிலுக்குப் போய்வரலாமா என்று.

"எதுக்கு?"

"உனக்கு மனசு சமாதானமாகும்னா..."

"நான் எந்தத் தப்பும் பண்ணலையே. பண்ணாத தப்புக்கு நான் ஏன் குளத்துல முங்கணும்? உங்களுக்கு வேணும்னா போயிட்டு வாங்கோ."

நான் தனியாகப் பஸ் பிடித்துப் போனேன். கல்யாணிக் குளத்தில் ஸ்நானம் பண்ணி, படியேறி, சேவித்துவிட்டு வந்தேன். கால் வலித்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. நம்பிக்கை இல்லாதவன் முங்கினால் உடம்புதான் நனையும்.

அந்த வருஷம் முடிவதற்குள் தம்பி அமெரிக்காவிலிருந்து போன் பண்ணினான். அவள்தான் எடுத்தாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொடி பலன் தந்ததா, இன்னும் இரண்டு டப்பா அனுப்பட்டுமா என்று அவன் கேட்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்ப்பா. கால் நன்னா ஆயிடுத்து. நடக்கறேன், ஆபீஸுக்குப் போறேன். நீ நெனச்சுண்டு வாங்கி வந்தியே, அதுவே பெரிசு" என்றாள். குரலில் சற்றும் கசப்பில்லை. அவனுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. போனை என்னிடம் நீட்டும்போது மட்டும் என்னைப் பார்த்தாள். ரோட்டில் மண்ணெண்ணெய் கொட்டிக் கிடந்ததாக எல்லோரிடமும் சொல்லி என்னைக் காப்பாற்றியவள். அவளுக்கும் பொய் சொல்லத் தெரியும். அடுத்தவரைக் காப்பாற்ற மட்டும் சொல்வாள்.

அவள் கடைப் பொருட்களை என்னிடம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். பாக்கெட்டில் வருவது எதையும் வாங்குவதில்லை. பல்பொடி ஒரு நாட்டு மருந்துக் கடையிலிருந்து வரும். மழைக்காலத்தில் கால் லேசாக இழுக்கும். மற்றபடி எங்கள் வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முன்போலத்தான் இருந்தது. சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போனோம், சினிமா பார்த்தோம், சிரித்துப் பேசினோம். ஸ்கூட்டரில்கூடப் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இதெல்லாம் நடந்து மூன்று வருஷமாவது இருக்கும், அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நார் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல மனநிலையில் இருந்தாள். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் உங்கிட்ட விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தா, நீ என்ன சொல்லியிருப்பே? குடிச்சிருப்பியா?"

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியலை" என்றாள். "மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்னு தோண்றது. ஆனா ஆட்டோல திரும்பி வந்த அன்னிக்கு இருந்த பயத்துல கேட்டிருந்தா, சரி குடுங்கோன்னுகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் எப்படிப்பட்டவள்னு அன்னிக்கு எனக்கே தெரிஞ்சிருக்கும். இப்போ எப்படித் தெரியும்? அதைத் தெரிஞ்சுக்க முடியாதபடி பண்ணிட்டேள்."

சொல்லிவிட்டு, முற்றின காயாக இருந்த ஒன்றை என் பக்கம் தள்ளி, இதைத் தனியாகப் போடுங்கோ என்றாள். போட்டேன்.